வண்டி எங்கே திரும்பும்?

அந்தமானில், போர்ட் பிளேரின் ஜங்லிகாட் டீக்கடையில் வாரத்துக்கு ஒருமுறையாவது ரயில் வந்துவிடும். தண்டவாளமே இல்லாத ஊர், அதனால் நேரக் கட்டுப்பாடு கிடையாது. "டிக்லிப்பூர்ல காலைல ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க இருக்கலாம்ணே" என்பார் கடைக்காரர். அவருடைய தம்பி குடும்பம் டிக்லிப்பூரில் இருக்கிறது. எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் விடமாட்டார். காடு என்ன ஆகும், ஜாரவா பழங்குடி மக்கள் என்ன ஆவார்கள், போட்ட பணம் எப்போது திரும்பும் என்று அடுக்குவார். இரண்டு தரப்பையும் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எலியும் பூனையுமான இந்த இருவரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போவார்கள்: ஸ்டேஷன் என்பது கடைசியாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய சின்ன வேலை. "கடல் மேல பாலம் போடறதுதாண்ணே கஷ்டம். ஸ்டேஷன் என்ன, நாலு பிளாட்பாரம் போட்டா முடிஞ்சுது."

அந்த நாலு பிளாட்பாரத்தோடுதான் எனக்குச் சண்டை.

2017 தொடக்கத்தில் செய்தி வந்தபோது ஊரே அதைத்தான் பேசியது. போர்ட் பிளேரிலிருந்து டிக்லிப்பூருக்குச் சுமார் 240 கிலோமீட்டர் அகலப்பாதை, மதிப்பீடு 2,413 கோடி ரூபாய்ச் சொச்சம், வருமான விகிதம் கழித்தல் குறியோடு. அந்தக் கழித்தல் குறியைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். மொத்தத்தைக் கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்குப் பத்துக் கோடி வருகிறது. அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. 2025இல் முழுமையடைந்த உதம்பூர்–ஸ்ரீநகர்–பாரமுல்லா பாதை 272 கிலோமீட்டர். அதற்கு 43,000 கோடிக்கு மேல் செலவாகியிருக்கிறது. அந்தமானில் இமயமலை இல்லைதான். ஆனால் மேடும் பள்ளமுமான காடு இருக்கிறது, தாண்ட வேண்டிய நீரிணைகள் மூன்று இருக்கின்றன. இரண்டு கிலோமீட்டர் நீளப் புதிய பாம்பன் பாலம் ஒன்றுக்கே 500 கோடியைத் தாண்டியது. பத்துக் கோடி என்ற சராசரி, வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தால் வருகிற எண் என்பது என் சந்தேகம். கோடு இழுப்பவருக்கு இரண்டு முனையும் வெறும் புள்ளி. ரயில்பாதைக்கோ அந்தப் புள்ளியில்தான் பிழைப்பே இருக்கிறது.

இங்கிருந்து கப்பலேறி மூன்று நாள் கடலில் கிடந்து சென்னைக்குப் போகிற தமிழர்கள் ஊருக்கு ரயில் பிடிப்பதும் ஊரிலிருந்து திரும்பி இறங்குவதும் பெரும்பாலும் சென்ட்ரலில் அல்லது எழும்பூரில். சென்ட்ரலையே எடுத்துக்கொள்வோம். பெரம்பூர் தாண்டியதும் பெட்டி படுக்கையோடு எல்லோரும் கதவருகே வந்து நிற்பார்கள். வண்டி பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்து அப்படியே நிற்கும். பத்து நிமிடம், சில நாள் இருபது. "அவுட்டர்ல போட்டுட்டான்" என்று யாராவது சொல்வார். "பிளாட்பாரம் காலி இல்ல" என்று இன்னொருவர் காரணம் சொல்வார். கடைசியில் உள்ளே நுழைந்து பார்த்தால் இரண்டு மூன்று பிளாட்பாரம் காலியாகவே கிடக்கும். பிறகு ஏன் நின்றோம் என்று அதற்குள் யாரும் யோசிக்கமாட்டார்கள், ஆட்டோக்காரரிடம் பேரம் தொடங்கியிருக்கும்.

1873இல் திறந்த சென்ட்ரலில் இன்று புறநகர் வண்டிக்கானவற்றையும் சேர்த்து 17 நடைமேடைகள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ‘2ஏ’ என்று ஒரு குட்டையான நடைமேடையைச் செருகிவைத்திருப்பதிலேயே இடநெருக்கடி தெரியும். இத்தனைக்கும் வழி ஒரே பக்கம். அரக்கோணம் பக்கமிருந்து வரும் பாதையும் கூடூர் பக்கமிருந்து வரும் பாதையும் பேசின் பிரிட்ஜில் கூடி, அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இத்தனை நடைமேடைகளாக விரிய வேண்டும். அந்த இரண்டு கிலோமீட்டர்தான் நிலையத்தின் கழுத்து. வயிறு எவ்வளவு பெருத்த குடமானாலும் தண்ணீர் கழுத்தின் அளவுக்குத்தானே வெளியே வரும்?

அதிலும் இந்தக் கழுத்தை ஒரு வண்டி ஒருமுறை தாண்டினால் தீர்ந்தது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இன்ஜின் பூட்டிய ஒரு நீண்ட தூர வண்டி வழக்கமான முறையில் வந்து போவதை எண்ணிப் பாருங்கள். வண்டி உள்ளே வருகிறது, ஒன்று. இன்ஜின், பாதை முடியும் தடுப்புக்கும் பெட்டிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. ஷண்டிங் இன்ஜின் யார்டிலிருந்து வந்து பின்பக்கம் பூட்டிக்கொள்கிறது, இரண்டு. காலி ரேக்கை, அதாவது பெட்டித் தொடரை, கழுவுவதற்கு பேசின் பிரிட்ஜ் பிட் லைனுக்கு இழுத்துப் போகிறது, மூன்று. சிறையிலிருந்து விடுபட்ட பழைய இன்ஜின் வெளியே போகிறது, நான்கு. மாலையில் கழுவிய ரேக்கைத் தள்ளிக்கொண்டு வருவது ஐந்து, தள்ளிய இன்ஜின் கழன்று போவது ஆறு, புறப்பாட்டு இன்ஜின் வருவது ஏழு, வண்டி கிளம்புவது எட்டு. நாளுக்கும் யார்டுக்கும் ஏற்ப ஒன்றிரண்டு கூடும், குறையும். கால அட்டவணையில் அச்சாவது முதலாவதும் எட்டாவதும் மட்டும். நடுவிலுள்ள ஆறும் பயணி கண்ணில் படாத போக்குவரத்து. அவை கழுத்தில் குறுக்கும் நெடுக்குமாக அலையும்போது, நடைமேடை காலியாக இருந்தும் நம் வண்டி அவுட்டரில் நிற்கிறது.

இதற்கு மாற்றுச் சாட்சி மும்பையில் இருக்கிறது. சர்ச்கேட்டில் புறநகர் வண்டிகளுக்கு நான்கே நடைமேடைகள். காலை நெரிசலில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி வந்து, கூட்டத்தைக் கொட்டி, அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடுகிறது. வண்டியின் இரண்டு தலையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் இன்ஜின் மாற்ற வேண்டியதில்லை. எட்டு அசைவு இரண்டாகச் சுருங்கிவிட்டது. டோக்கியோ நிலையத்தில் சூவோ விரைவு வழித்தட வண்டிகள் ஒரே மேடையின் இரண்டு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உச்ச நேரத்தில் ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாகத் திரும்புகின்றன. ஆக, நாலு பிளாட்பாரம் என்பது ஒரு விடையே ஆகாது. எந்த மாதிரி வண்டி, எத்தனை பெட்டி, எங்கே கழுவுவது, எப்படித் திருப்புவது என்று கேட்டு முடித்த பிறகு, எத்தனை மேடை என்பது தானாக வந்து விழும்.

சில வருடம் முன்பு இங்கே ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தெர்மோகோலில் ‘எதிர்கால போர்ட் பிளேர் ரயில் நிலையம்’ செய்து வைத்திருந்தான். ரயிலை நேரில் பார்க்காத பிள்ளை. ஆறு பிளாட்பாரம், ஐஸ் குச்சியில் தண்டவாளம், தீப்பெட்டியில் பெட்டிகள், நீலத் தாளில் கடல். பார்க்க வந்த பெரியவர்கள் எல்லோரும் பிளாட்பாரங்களை எண்ணி முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். ஆறு தண்டவாளமும் கைவிசிறியின் குச்சிகள் மாதிரி ஒரே புள்ளியில் வந்து கூடி, அங்கிருந்து ஒற்றைக் கோடாகக் காட்டுக்குள் போயின. நான் ஒரு தீப்பெட்டி வண்டியை விரலால் காட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தேன். இன்னொன்றை மூன்றாவது பிளாட்பாரத்திலிருந்து வெளியே தள்ளச் சொன்னேன். இரண்டும் அந்தப் புள்ளியில் முட்டிக்கொண்டன. பையன் ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு யோசிக்காமல் ஒரு வண்டியைக் கையால் தூக்கி மேசையோரம் வைத்துவிட்டான்.

பையனைக் குறை சொல்லவில்லை. நிஜ ரயிலைத் தூக்கி ஓரமாக வைக்க முடியாது என்பதை மறந்து பேசுகிற பெரியவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள்.

அந்த விசிறியை நிஜத்தில் வரைந்து பார்ப்போம், பென்சிலும் பெருக்கலும் போதும். ஒரு பாதை இன்னொன்றாகப் பிரியும் இடத்தை ரயில்வேக்காரர்கள் பாயிண்ட் என்பார்கள். பயணிகள் வண்டி போகும் பாதைக்கு நம் நாட்டில் வழக்கமாகப் போடுவது பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவுள்ளது. 12 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் பக்கவாட்டில் விலகலாம், அவ்வளவே. ஒரு பாயிண்டின் நீளமே சுமார் 40 மீட்டர். பக்கத்துப் பாதைக்கு மாற, இரண்டு பாதைக்கும் இடைவெளி 5.3 மீட்டர் என்றால், சாய்ந்து போவதற்கு மட்டும் 64 மீட்டர் ஆகும். இரு முனைகளின் நாக்குத் தண்டவாளத்தையும் சேர்த்தால் 90 மீட்டரைத் தாண்டும். இனி நாலு பிளாட்பாரம். பத்து மீட்டர் அகலத்தில் இரண்டு மேடை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் தண்டவாளம். முதல் தண்டவாளத்திலிருந்து நான்காவது வரை அகலம் 32 மீட்டர் வரும். ஒரு ஓரத்திலிருந்து ஏணி மாதிரி பிரித்துக்கொண்டு போனால், 32ஐப் பன்னிரண்டால் பெருக்குங்கள்: 384 மீட்டர். எட்டரைக்கு ஒன்று என்ற நெருக்கமான பாயிண்ட் போட்டால் 272 மீட்டருக்குச் சுருக்கலாம், ஆனால் வண்டி இன்னும் மெதுவாக ஊர வேண்டும். 24 பெட்டி வண்டிக்கு மேடை 600 மீட்டர். ஒரே நேரத்தில் ஒன்று நுழைய, ஒன்று வெளியேற வேண்டுமானால் கழுத்துக்கு வெளியேயும் கொஞ்ச தூரம் இரட்டைப் பாதை, அதில் ஒரு மாற்றுவழி. நாலு பிளாட்பாரம் என்று டீக்கடையில் ஒரே மூச்சில் சொன்னது, தரையில் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் படுத்துக் கிடக்கிறது. பிட் லைனும் வண்டி நிறுத்தும் பாதைகளும் இதில் சேரவில்லை.

நீளத்தைவிடச் சரிவுதான் இங்கே வில்லன். அகலப்பாதை நிலைய வளாகத்தில் 400க்கு 1 என்பதைவிடச் செங்குத்தாகத் தரை இருக்கக் கூடாது. 1,200க்கு 1 இருந்தால் நல்லது என்பது பரிந்துரை. இன்ஜின் கழற்றிய பெட்டிகள் தானாக உருண்டு போகாமலிருக்கத்தான் இந்த விதி. மொத்தம் 1,100 மீட்டர் நீளத்தில் தரை இரண்டே முக்கால் மீட்டர் ஏறலாம், ஒரு வீட்டு வாசற்கதவைவிடச் சற்றே உயரம். அபர்டீன் பஜார் மணிக்கூண்டிலிருந்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் 1,100 மீட்டர் நடந்து பாருங்கள். செல்லுலார் சிறை மேட்டுக்குப் போனாலும், டெலானிப்பூர் பக்கம் திரும்பினாலும், மூச்சு வாங்கும் அல்லது முட்டி வலிக்கும். என் கண்ணுக்குத் தெரிந்து இந்த ஊருக்குள் நீளமாக, சமதளமாக, வறண்டு கிடக்கிற நிலம் விமான ஓடுபாதைதான். அதை யாரும் தரமாட்டார்கள்.

விமான நிலையம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2023 ஜூலையில் சிப்பி வடிவத்தில் புதிய முனையக் கட்டடம் திறந்தார்கள். ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகள் வந்துபோகும் அளவு கட்டடம். அழகான கட்டடம், எனக்குப் பெருமைதான். ஓடுபாதை மட்டும் பழைய அதே ஒன்று. அதுவும் ஒரு முனையில் குன்று இருப்பதால், விமானங்கள் வழக்கமாக இறங்குவது எந்தப் பக்கமிருந்தோ அந்தப் பக்கமே ஏறியும் போக வேண்டும். ஒன்று இறங்க வரும்போது இன்னொன்று எதிரே ஏற முடியாது. ஒரே வாய் உள்ள ரயில் நிலையத்தின் அச்சு அசலான நகல் நம் தலைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் கட்டடத்தைப் படம் எடுத்துப் போட்டோம், வாயைப் பற்றிப் பேசவில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும், வரட்டும். "ஏன் சார், இந்த ஊருக்கு ஓடப்போறது ஒரு நாளைக்கு மூணு வண்டி. சென்ட்ரல் கணக்கு, சர்ச்கேட் கணக்கு எல்லாம் எதுக்கு?" ஒப்புக்கொள்கிறேன். மூன்று வண்டிக்கு நெரிசல் வராது. அப்படியானால் 24 பெட்டியும் வேண்டாம், இன்ஜின் மாற்றமும் வேண்டாம். இரண்டு தலையிலும் ஓட்டுநர் அறையுள்ள எட்டுப் பெட்டி டீசல் வண்டி போதும். நம் மின்சாரமே பெரும்பாலும் டீசல் எரித்துத்தான் வருகிறது, மேலே கம்பி கட்டி என்ன லாபம்? மேடை 200 மீட்டரில் முடியும், ஒரே மேடையின் இரண்டு பக்கம் போதும், கழுத்து 100 மீட்டர் சொச்சத்துக்கு இறங்கும். இன்னும் ஒரு படி மேலே போய், அகலப்பாதைதான் ஏன் என்றும் கேட்கலாம். நாடு முழுக்க ஒரே அகலம் வேண்டும் என்ற 1992 கொள்கைக்குக் காரணம், வண்டி ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் தடையில்லாமல் போக வேண்டும் என்பது. இங்கே 1,200 கிலோமீட்டர் கடல் குறுக்கே நிற்கிறது, எந்த வண்டி எங்கே போகப்போகிறது? அகலப்பாதை வளைவு 175 மீட்டர் ஆரத்துக்குக் கீழே போகக் கூடாது. மீட்டர்கேஜ் 109 வரை மடங்கும். குன்றுகளுக்கு நடுவே அந்த 66 மீட்டர், சில வீடுகளை இடிப்பதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கும். உதிரிபாகம் கிடைக்காது என்பார்கள், அது உண்மையான பதில். ஆனால் அந்த வாதத்தை யாரும் நடத்தவே இல்லையே. ‘சின்ன ஊர், சின்ன ஸ்டேஷன்’ என்கிற ஆட்சேபம் என் வாதத்தை உடைக்கவில்லை. முனையை முதலில் வரைந்தால் பாதையின் அகலம், வண்டியின் வகை, செலவு எல்லாமே மாறும் என்று எனக்காகச் சாட்சி சொல்கிறது.

தண்ணீரை மறந்துவிட்டேன். பெட்டி கழுவும் பிட் லைனுக்குத் தண்ணீர் வேண்டும், நிறைய வேண்டும். தனிக்காரி அணை வற்றும் கோடையில் குழாய்த் தண்ணீருக்கு முறைவைத்துக் காத்திருக்கும் ஊரில், ரயில் பெட்டியைக் குளிப்பாட்ட எந்த முறை? பராமரிப்பு யார்டை டிக்லிப்பூர்ப் பக்கம் வைக்கலாம், வைக்கவும் வேண்டும் என்பது என் கருத்து. அதுவும் முனை வரைகிற மேசையில் எடுக்க வேண்டிய முடிவு.

ஒற்றைப் பாதையில் வண்டியை விடுவது எப்படி என்று அந்தமான்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வடக்கே போகும் சாலையின் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் குறித்த நேரத்துக்குக் கேட் திறக்கும், வாகனங்கள் கொத்தாகக் கிளம்பும், ஜாரவா காப்புக்காடு தாண்டும் வரை நிற்கக் கூடாது. கேட்டைத் தவறவிட்டால் அடுத்த கான்வாய் வரை காத்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் இல்லாத நோயாளி காரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறோம். இவ்வளவு பழகிய நாம், ரயில் என்று வந்ததும் அது எங்கேயும் நிற்காமல் பறந்து வந்து பஜார் நடுவில் இறக்கிவிடும் என்று நம்புவதுதான் விசித்திரம்.

சரி, எங்கேதான் வைப்பது? வடக்கிலிருந்து வரும் பாதை ஃபெரார்கஞ்ச் வரை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பம்பூஃபிளாட் பக்கம் போனால் கரையில் இறங்கி, படகில் சாத்தம் வர வேண்டும். மழையிலும் இரவிலும் மூட்டை முடிச்சோடு படகு. வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் வரலாம் என்றால் வழியில் சிப்பிகாட். அங்கே நிலம் இருக்கிறது, நீளமாக, தட்டையாக, குன்றுகளுக்கு நடுவே பாய் விரித்த மாதிரி. ஒரு காலத்தில் வயல்களாக இருந்த இடம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சுனாமி அலை திரும்பிப் போய்விட்டது, கடல் மட்டும் வயலிலேயே தங்கிவிட்டது. தண்ணீர் இறங்கும் நேரத்தில் போனால் பட்ட மரங்கள் வெள்ளை வெளேரென்று நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். தட்டையான நிலம் ஏன் தட்டையாக இருக்கிறது என்பதற்கு அந்த இடமே விளக்கம். அங்கே 1,100 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரத்துக்கு மண் கொட்ட வேண்டுமானால் 1,32,000 கனமீட்டர். அந்த மண்ணை எந்தக் குன்றிலிருந்து வெட்டுவது, சேற்றின் மேல் அது எத்தனை வருடம் அமுங்கிக்கொண்டே இருக்கும், நிலநடுக்க அபாயம் மிக உயர்ந்த மண்டலத்தில் அந்தக் கரை தாங்குமா? அமுங்கும் மண்ணில் சாதாரணத் தண்டவாளத்தையாவது தூக்கிச் சரிசெய்யலாம். பாயிண்டின் நாக்கு சில மில்லிமீட்டர் விலகினாலும் சிக்னல் விழாது. தனுஷ்கோடியில் கப்பல் துறை வரைக்கும் கொண்டுபோன பாதை 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு திரும்ப எழவேயில்லை, ராமேஸ்வரமே கடைசி நிலையமாகிவிட்டது. கடல் ஓரத்தில் முனை வைத்த அனுபவம் தமிழர்களுக்குப் புதிதில்லை.

இவ்வளவையும் போன வாரம் டீக்கடையில் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே பார்த்தார்.

"அப்ப நீங்க எங்கதாண்ணே வைப்பீங்க?"

"இப்போதைக்கு ஃபெரார்கஞ்ச் தாண்டி கொண்டுவர வழி தெரியலப்பா."

"எங்கம்மாவுக்கு டயாலிசிஸ் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரில. ஃபெரார்கஞ்ச்ல இறங்கினா அங்கேருந்து?"

"பஸ்."

"பஸ்ஸுன்னா, டிக்லிப்பூர்லயே பஸ் இருக்கேண்ணே" என்றார். காலண்டரைத் திருப்பி மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த டீயை ஆற்றத் தொடங்கினார்.